வீட்டிலேயே கேன்வாஸ் செய்வது எப்படி? எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

வரையக் கை இருக்கு. கலர் இருக்கு, பிரஷ் இருக்கு. ஆனால் கேன்வாஸ் வாங்கும் இடத்தில்தான் பலருக்கும் கை நின்றுவிடுகிறது. சின்ன சைஸ் கேன்வாஸ் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். இரண்டடி, மூன்றடி என்று போனால் விலை மளமளவென ஏறும். ராஜபாளையம் பக்கத்தில் சோழபுரம் மாதிரி ஒரு ஊரில் இருப்பவர் பெரிய கேன்வாஸ் வேண்டுமென்றால் மதுரைக்குப் போய் பஸ்ஸில் தூக்கி வரணும், இல்லையென்றால் ஆன்லைனில் போட்டு மூலை நசுங்காமல் வர வேண்டுமே என்று காத்திருக்கணும்.

இதனாலேயே பலர் சார்ட் பேப்பரோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், கிடைத்த துணியில் அப்படியே வரைந்து, ஆசையாக மாட்டி வைத்த படம் கொஞ்ச வருஷத்தில் வெடித்து உதிர்வதைப் பார்த்து நொந்துபோனவர்களும் உண்டு.

கேன்வாஸை வீட்டிலேயே செய்யலாம். ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், ஒரு ஸ்டேப்ளர் கன் போதும். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: துணியிலும் மரத்திலும் காசை மிச்சம் பிடிக்கலாம். துணி மேல் போடும் அடிப்பூச்சில் கை வைக்கக் கூடாது. ஏன், எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேன்வாஸ் என்றால் துணி மட்டும்தானா?

இல்லை. கடையில் நாம் வாங்கும் கேன்வாஸில் மூன்று பொருள்கள் இருக்கின்றன.

1. சட்டம்: நான்கு மரப்பட்டைகளைச் சேர்த்துச் செய்த ஃபிரேம்.

2. துணி: சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய பருத்தி அல்லது லினன் துணி.

3. அடிப்பூச்சு: துணி மேல் பூசியிருக்கும் வெள்ளைப் பூச்சு. ஓவியர்கள் இதை ஜெஸ்ஸோ என்பார்கள்.

நாம் வரைவது உண்மையில் துணி மேல் அல்ல, இந்த வெள்ளைப் பூச்சின் மேல்தான். கலர் ஒட்டிக்கொள்வதும், துணிக்குள் ஊறாமல் மேலேயே நின்று பளிச்சென்று தெரிவதும் அதனால்தான்.

வெனிஸில் பாய்மரம், நம்ம ஊரில் காடா

கேன்வாஸ் என்ற சொல் சணல் வகைச் செடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் கடல் காற்றின் ஈரத்தில் சுவர் ஓவியங்கள் நிற்கவில்லை. ஆனால் கப்பல் கட்டும் ஊர் என்பதால் பாய்மரத் துணிக்குப் பஞ்சமே இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் அங்கே ஓவியர்கள் பெரிய அளவில் துணிக்கு மாறியதற்கு இது ஒரு முக்கிய காரணம். அதாவது, ஊரில் மலிவாகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள்.

அதே கணக்கை நம்ம ஊருக்குப் போட்டுப் பாருங்கள். ராஜபாளையம் பருத்தி ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் 1936-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கைத்தறி இருக்கிறது. நூலும் துணியும் புழங்கும் இடத்தில் இருந்துகொண்டு, துணிக்காக ஆன்லைனில் காத்திருக்கத் தேவையில்லை.

எந்தத் துணி வாங்கணும்?

துணிக் கடையில் போய் "கேன்வாஸ்" என்று கேட்டால் சில இடங்களில் ஷூ, பேக் தைக்கும் பிளாஸ்டிக் பூச்சுத் துணியைக் காட்டுவார்கள். அது வேண்டாம். "தடித்த காடாத் துணி வேணும், சாயம் போடாதது, வெளுக்காதது" என்று கேளுங்கள். தறியிலிருந்து இறங்கியபடியே, லேசான பழுப்பு நிறத்தில், அங்கங்கே பருத்தி விதைத் துகள் தெரிய இருக்குமே, அதுதான். துணிப்பை தைப்பவர்கள், மெத்தை தைப்பவர்களிடமும் விசாரிக்கலாம்.

எவ்வளவு தடிமன்? துணியின் எடையை ஜி.எஸ்.எம் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. ஓவியத்துக்கு 240 முதல் 340 வரை நல்லது. பழகுவதற்கு 200 இருந்தாலும் ஓட்டலாம். அதற்கும் கீழே போனால் இழுக்கும்போது ஆணி அடித்த இடத்தில் கிழியும்.

பேண்டேஜ் துணியில் வரையலாமா என்று கேட்காதீர்கள். அது காற்றும் மருந்தும் உள்ளே போக வேண்டும் என்பதற்காகவே இடைவெளி விட்டு நெய்தது. பூசுகிற பூச்சு முழுக்கப் பின்பக்கம் வழிந்துவிடும்.

கடையிலேயே செய்து பார்க்க மூன்று சோதனைகள்:

வெளிச்சச் சோதனை: துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் பளிச்சென்று ஊடுருவினால் நெசவு லூஸ். வேண்டாம்.

இழுவைச் சோதனை: பாவு, ஊடை இரண்டு திசையிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ரப்பர் மாதிரி நீண்டால் அது பனியன் வகை அல்லது எலாஸ்டிக் கலந்தது. கேன்வாஸுக்கு ஆகாது.

நெருப்புச் சோதனை: ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வீட்டுக்கு வந்து அடுப்படியில் கவனமாகக் கொளுத்துங்கள். பேப்பர் எரியும் வாடையோடு எரிந்து பொடிச் சாம்பலானால் பருத்தி. உருகி, ஆறியதும் கடினமான மணியாக உருண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி வந்து இதைச் செய்வது நல்லது.

துணியைத் துவைக்கணுமா?

காடாத் துணி என்றால், ஆமாம். நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். அந்தக் கஞ்சி துணியிலேயே தங்கினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும். பூச்சும் சரியாக உள்ளே பிடிக்காது.

வெந்நீரில் ஊறவைத்து, கொஞ்சம் சோப்புத்தூள் போட்டுக் கசக்கி, சோப்பு முழுக்கப் போகும்வரை அலசுங்கள். பிளீச்சிங், நீலம், வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணுங்கள். துணி சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கிவிடும். அதனால் வெட்டுவது எப்போதுமே துவைத்த பிறகுதான்.

சட்டம்: ஒரு 8 அடி ரீப்பர் போதும்

இந்தக் கட்டுரையில் எல்லாக் கணக்கும் 18-க்கு 24 இஞ்ச் கேன்வாஸுக்கு. ஒன்றரை அடிக்கு இரண்டடி. வீட்டில் மாட்டவும் போட்டிக்கு அனுப்பவும் வசதியான சைஸ்.

மரக்கடையில் ஒன்றரை இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் கனத்தில் ரீப்பர் பட்டை கேளுங்கள். தேக்கு தேவையில்லை. நன்றாக உலர்ந்த, வளையாத, முடிச்சு குறைவாக உள்ள எந்த மரமும் போதும். பேக்கிங் பெட்டிகளைப் பிரித்த பைன் பட்டையும் நல்லதுதான். ஒரே கவனம், பச்சை மரம் வேண்டாம். உலரும்போது அது முறுக்கிக்கொண்டால் படமும் சேர்ந்து முறுக்கும். பட்டையைக் கண்ணுக்கு நேராக நீளவாக்கில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும்.

ஒரு சட்டத்துக்கு 24 இஞ்சில் இரண்டு, 18 இஞ்சில் இரண்டு. மொத்தம் 84 இஞ்ச், அதாவது 7 அடி. ஒரு 8 அடி ரீப்பர் வாங்கினால் ஒரு சட்டம் வந்துவிடும்.

எப்படிச் சேர்ப்பது?

நான்கு பட்டைகளின் நுனியையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தால் மூலை அழகாக இருக்கும். அது வராவிட்டால் நேராக வெட்டி ஒன்றோடு ஒன்று முட்டவைத்துச் சேர்த்தாலும் பரவாயில்லை. அப்படிச் செய்தால் எதிரெதிரான இரண்டு பட்டைகளின் நீளத்தில், ஒவ்வொன்றிலும் பட்டை அகலத்தை இரண்டு முறை கழிக்க மறக்காதீர்கள். சேரும் இடத்தில் மரப்பசை தடவி, பின்பக்கம் முக்கோணமாக வெட்டிய பிளைவுட் துண்டு வைத்து ஸ்க்ரூ போடுங்கள். எல் வடிவ இரும்புப் பட்டையும் போடலாம்.

மூலைமட்டம் இல்லையா? கவலை வேண்டாம். பசை காய்வதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து, எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே அளந்து பாருங்கள். 18-க்கு 24 சட்டத்தில் இரண்டு குறுக்களவும் சரியாக 30 இஞ்ச் வரணும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சட்டம் கோணல். நீளமாக இருக்கும் குறுக்கை லேசாக அமுக்கினால் சரியாகிவிடும். 12-க்கு 16 சட்டத்துக்கு 20 இஞ்ச். 3 அடிக்கு 4 அடி சட்டத்துக்கு 5 அடி. பள்ளியில் படித்த பிதாகரஸ் இங்கே உதவிக்கு வருகிறார்.

ஒரு பக்கம் 30 இஞ்சுக்கு மேல் போனால் நடுவில் ஒரு குறுக்குப்பட்டை கொடுங்கள். இல்லையென்றால் துணி இழுக்கிற இழுப்பில் பட்டை உள்பக்கம் வளையும்.

பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம்

கடை கேன்வாஸைத் திருப்பிப் பாருங்கள். சட்டத்தின் முன்பக்கம் வெளி ஓரம் உயர்ந்தும் உள் ஓரம் சரிந்தும் இருக்கும். துணி வெளி ஓரத்தை மட்டுமே தொடும். நாம் தட்டையான பட்டையில் அப்படியே துணியைக் கட்டினால், பிரஷ் அழுத்தும்போது துணி பட்டையின் உள் ஓரத்தில் முட்டி, படத்தைச் சுற்றிலும் ஒரு கோடு விழும். பிறகு அதைப் போக்கவே முடியாது.

இதற்கு மலிவான வழி பீடிங். ஹார்டுவேர் கடையிலும் மரக்கடையிலும் கிடைக்கும் மெல்லிய மரப் பீடிங்கை முன்பக்கம் வெளி ஓரத்தை ஒட்டி நான்கு பக்கமும் பசை வைத்துச் சின்ன ஆணியால் அடித்துவிடுங்கள். துணி பட்டையை விட்டுச் சற்று எழும்பி நிற்கும். கோடு விழாது. கூரான முனைகளை உப்புத்தாள் போட்டு மழுக்கிவிடுங்கள், துணி அறுபடாது.

துணியை இழுத்துக் கட்டுவது எப்படி?

துணியை நான்கு பக்கமும் 3 இஞ்ச் கூடுதலாக விட்டு வெட்டணும். 18-க்கு 24 சட்டத்துக்குத் துணி 24-க்கு 30. நூல் ஓடும் திசையும் சட்டத்தின் பக்கமும் இணையாக இருக்கணும். துணி கோணலாக இருந்தால் பிறகு மூலையில் சுருக்கம் விழும்.

துணியைத் தரையில் விரித்து, பீடிங் உள்ள பக்கம் கீழே பார்க்கும்படி சட்டத்தை அதன் மேல் வையுங்கள்.

படி 1: நீளப் பக்கம் ஒன்றின் நடுவில், பின்பக்கமாக ஒரு பின் அடியுங்கள்.

படி 2: எதிர்ப்பக்கம் போய், துணியை இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு பின்.

படி 3: மற்ற இரண்டு பக்கங்களிலும் அதேபோல் நடுவில் ஒவ்வொன்று. இப்போது துணியில் வைர வடிவத்தில் ஒரு இழுவை தெரியும்.

படி 4: ஒவ்வொரு நடுப் பின்னிலிருந்தும் இருபக்கமும் 2 இஞ்ச் தள்ளி ஒரு பின். அடித்ததும் எதிர்ப்பக்கம் போய் அதே இடத்தில் அடிக்கணும். ஒரே பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் துணி ஒருச்சாய்ந்துவிடும்.

படி 5: கடைசியாக மூலை. பரிசுப் பொட்டலம் கட்டுவது போலத் துணியை உள்ளே மடித்து, மடிப்பு மொத்தையாகத் தெரியாமல் பின்பக்கம் இரண்டு பின்.

ஸ்டேப்ளர் கன் இல்லாவிட்டால் சின்னத் தலை ஆணி போதும். துரு பிடிக்காததாகப் பாருங்கள். துருக்கறை துணியையே அரித்துவிடும்.

எவ்வளவு இறுக்கம்? இப்போதே தவில் மாதிரி இறுக்க வேண்டாம். விரலால் அமுக்கினால் லேசாக உள்ளே போய்த் திரும்பி வரணும், அவ்வளவுதான். அடிப்பூச்சு பூசி ஈரம் பட்டுக் காயும்போது துணி இன்னும் இறுகும். முதலிலேயே முழு பலத்தில் இழுத்தால் அப்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

அடிப்பூச்சு: இங்கேதான் படத்தின் ஆயுள்

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, "வெள்ளையா ஏதோ ஒன்றைப் பூசுவோம்" என்று நினைப்பவர்கள் அதிகம். வம்பு இங்கேதான் ஆரம்பம்.

ஆயில் கலரில் இருப்பது ஆளி விதை எண்ணெய். அது காற்றோடு சேர்ந்து காயும்போது அமிலத் தன்மை உண்டாகும். பூச்சு இல்லாத துணியில் எண்ணெய் இறங்கினால் நாளடைவில் நூல் மொரமொரவென்று உடையும். படம் நன்றாக இருக்கும், தாங்கும் துணி மக்கிவிடும். அதனால் எண்ணெய்க்கும் துணிக்கும் நடுவே ஒரு தடுப்பு கட்டாயம்.

அக்ரிலிக் கலர் துணியை அப்படி அரிக்காது. ஆனால் பூச்சு இல்லாவிட்டால் கலரைத் துணி குடித்துக்கொண்டே இருக்கும். பூச்சில் மிச்சம் பிடித்த காசு கலரில் போய்விடும்.

தஞ்சாவூர் ஓவியம் சொல்லும் பாடம்

துணி மேல் வெள்ளைப் பூச்சு போடுவது நமக்குப் புதுசல்ல. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்து பூசி, தேய்த்து மழமழப்பாக்கி, பிறகுதான் வரைவார்கள். மக்கு வைத்து மேடாக்கி, கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டுவது அதற்கும் பிறகு. அவ்வளவு கனமான பூச்சு ஏன் வெடிப்பதில்லை? அடியில் இருப்பது அசையாத பலகை.

அதே பூச்சை இழுத்துக் கட்டிய துணியில் போட்டால் என்ன ஆகும்? துணி அசையும். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது அசையும், பஸ்ஸில் தூக்கிப் போகும்போது அதிரும், யாராவது விரலால் தட்டினால் குழியும். பூச்சு அசையாது, அதனால் வெடிக்கும்.

நாடகத் திரை எழுதியவர்களின் கணக்கு வேறு. காலண்டர் ஓவியத்தில் பேர் பெற்ற கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். பிறகு கோவில்பட்டியில் தங்கி அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடு வீடாகப் போனது. நாடகத் திரையைச் சுருட்ட வேண்டும், விரிக்க வேண்டும், ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும். அப்படிப்பட்ட துணியில் கனமான பூச்சு ஒருநாளும் நிற்காது.

ஆக, பலகை என்றால் கெட்டிப் பூச்சு தாங்கும். இழுத்த துணி என்றால் வளைந்து கொடுக்கும் மெல்லிய பூச்சு வேண்டும். இதற்குத்தான் அக்ரிலிக் ஜெஸ்ஸோ. காய்ந்த பிறகும் பிளாஸ்டிக் மாதிரி வளையும்.

எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது?

அக்ரிலிக் ஜெஸ்ஸோ: கடையில் டப்பாவாகக் கிடைக்கும். அக்ரிலிக், ஆயில் இரண்டுக்கும் சரி. விற்பதற்கும் பரிசளிப்பதற்கும் வரையும் படம் என்றால் இதை மட்டும் வாங்குங்கள்.

வீட்டுக் கலவை: சலித்த சாக் பவுடர் 1 பங்கு, வெள்ளை மரப்பசை 1 பங்கு, வெள்ளை அக்ரிலிக் கலர் 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு. கட்டி இல்லாமல் கலக்கி வடிகட்டணும். பழகுவதற்கும் அக்ரிலிக் படங்களுக்கும் போதும். மரவேலைப் பசைகளில் சில காலப்போக்கில் மஞ்சளாகும் என்பதால் முக்கியமான படத்துக்கு வேண்டாம்.

உள்சுவர் அக்ரிலிக் எமல்ஷன்: வீட்டுக்குப் பெயின்ட் அடித்தது மிச்சம் இருந்தால் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். அதன் மேல் ஆயில் கலர் வேண்டாம்.

டிஸ்டெம்பர்: கையால் தடவினாலே பொடி வரும். அதன் மேல் போடும் கலரும் அதனோடு சேர்ந்து உதிரும். கூடாது.

எனாமல் பெயின்ட்: எண்ணெய் சார்ந்தது. அதன் மேல் அக்ரிலிக் சரியாக ஒட்டாது, தோல் தோலாக உரியும். கூடாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்: தண்ணீர் பட்டதும் கல்லாக இறுகும். துணியில் நிச்சயம் வெடிக்கும். கூடாது.

மடிப்புச் சோதனை

எதைக் கலந்தாலும் முதலில் ஒரு துண்டுத் துணியில் பூசுங்கள். ஒரு நாள் காயவிட்டு, பூச்சு வெளியே பார்க்கும்படி துணியை விரலில் சுற்றி வளையுங்கள். வெடிப்புக் கோடு தெரிந்தால் சாக் பவுடர் அதிகம். பசையைக் கொஞ்சம் கூட்டி மறுபடி முயற்சி செய்யுங்கள். ஒரு துண்டுத் துணியில் ஐந்து நிமிஷம் செலவழித்தால், பத்து நாள் உட்கார்ந்து வரையும் படம் தப்பிக்கும்.

எப்படிப் பூசுவது?

முதல் பூச்சு: ஜெஸ்ஸோவில் நாலில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, அகலமான பிரஷ்ஷால் துணிக்குள் இறங்கும்படி தேய்த்துப் பூசுங்கள். பக்கவாட்டு ஓரங்களையும் விடாதீர்கள்.

இடையில்: நன்றாகக் காய்ந்ததும் 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். தூசி மூக்கில் போகாமல் மாஸ்க் போடுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

இரண்டாவது பூச்சு: முதலில் மேலிருந்து கீழே பூசியிருந்தால் இப்போது இடமிருந்து வலம்.

மூன்றாவது பூச்சு: மறுபடியும் திசை மாற்றி. அக்ரிலிக் வரைய இரண்டே போதும். ஆயில் கலருக்கு மூன்று, நான்கு.

கனமாக ஒரே தடவை பூசுவதைவிட மெல்லியதாக மூன்று தடவை பூசுவதே நல்லது. முடிந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் இன்னொரு பூச்சு தேவை.

உச்சி வெயிலில் காயவைக்காதீர்கள். மேல்தோல் முந்திக் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். காற்றோட்டமான நிழல்தான் சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தள்ளிப் போடுங்கள். ஆயில் கலர் போடுவதாக இருந்தால் கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று நாளாவது விடுங்கள்.

சட்டமே வேண்டாம், இன்னும் மலிவா ஏதாவது இருக்கா?

இருக்கு. பள்ளி மாணவர்களுக்கு இதுதான் முதலில் செய்து பார்க்க வேண்டியது: கேன்வாஸ் போர்டு.

வீட்டில் இருக்கும் பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து அயர்ன் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டுபோர்டு துண்டு ஒன்றை எடுத்து, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கொஞ்சம் தளர்த்தி முழுக்கத் தடவி, வேட்டித் துணியை மேலே விரித்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிக் காற்றை வெளியேற்றுங்கள். ஓரத்தைப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். ஒரு இரவு கனமான புத்தகங்களை மேலே வைத்து அமுக்கி வைத்தால் வளையாது. காய்ந்ததும் இரண்டு பூச்சு வீட்டுக் கலவை. வேலை முடிந்தது.

தஞ்சாவூர் பலகைக்கு இது தூரத்துச் சொந்தம். அடியில் போர்டு இருப்பதால் துணி மெல்லியதாக இருந்தாலும் கவலையில்லை, பூச்சில் சாக் பவுடர் கொஞ்சம் கூடினாலும் தாங்கும். அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா மாதிரி போட்டிகளுக்குப் பழகும் பிள்ளைகளுக்கு இது தாராளம்.

ஆறு கேன்வாஸுக்கு என்னென்ன வாங்கணும்?

ஒன்றே ஒன்று செய்தால் பெரிய மிச்சம் இருக்காது. ஆறாகச் செய்தால்தான் கணக்கு நிற்கும். 18-க்கு 24 இஞ்சில் ஆறு கேன்வாஸுக்கான பட்டியல் இது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீப்பர்: 8 அடியில் 6 எண்ணம்.

பீடிங்: மொத்தம் 42 அடி, சேதாரத்தோடு 45 அடி.

துணி: 54 இஞ்ச் அகலம் என்றால் 2.75 மீட்டர். 36 இஞ்ச் அகலம் என்றால் 4 மீட்டர். துவைத்தால் சுருங்கும் அளவையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ஸ்டேப்ளர் பின்: ஒன்றுக்குச் சுமார் 50 வீதம் 300.

ஜெஸ்ஸோ: ஒரு பூச்சுக்குச் சுமார் 40 முதல் 50 மி.லி. மூன்று பூச்சு, ஆறு கேன்வாஸ் என்றால் 1 லிட்டர் டப்பா ஒன்று.

மூலைக்கு: பிளைவுட் முக்கோணம் 24, ஸ்க்ரூ, மரப்பசை.

உங்கள் ஊர்க் கடையில் இதற்கெல்லாம் விலை கேட்டுக் கூட்டி, ஆறால் வகுத்துப் பாருங்கள். அதே சைஸ் கடை கேன்வாஸ் விலையை, கொண்டுவரும் செலவையும் சேர்த்து, பக்கத்தில் எழுதுங்கள். முடிவு தன்னால் தெரியும். 8-க்கு 10 இஞ்ச் மாதிரி சின்ன சைஸ்களைக் கடையில் வாங்குவதே பெரும்பாலும் லாபம். அவை ஆயிரக்கணக்கில் இயந்திரத்தில் தயாராகின்றன, நம் உழைப்பு அதோடு போட்டி போட முடியாது. சைஸ் பெரிதாகப் பெரிதாகத்தான் வீட்டுத் தயாரிப்பின் லாபம் கூடும். கடையில் கிடைக்காத நீள அகலத்தில் வேண்டுமென்றாலும் இதுதான் வழி.

அடிக்கடி வரும் கேள்விகள்

துணி தளர்ந்துவிட்டது, என்ன செய்வது?

இன்னும் வரையாத கேன்வாஸ் என்றால் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள், இறுகும். ஆயில் படம் வரைந்து முடித்திருந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள். பின்னைக் கழற்றி மெதுவாக மறுபடி இழுத்து அடிக்கணும். இதற்காகத்தான் 3 இஞ்ச் கூடுதல் துணி விட்டோம். மிச்சத்தை வெட்டி எறியாதீர்கள்.

வரைந்த துணியைச் சுருட்டிக் கொண்டுபோகலாமா?

போகலாம். படம் வெளியே தெரியும்படி, அகலமான குழாயில் சுற்றுங்கள். உள்பக்கம் வைத்துச் சுற்றினால் பூச்சு நெருங்கி மடிப்பு விழும். பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

பின்பக்கம் பூஞ்சை வருகிறதே?

வெளிச்சுவரில் நேரடியாக ஒட்டி மாட்டியிருப்பீர்கள். கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள்.

பெட்ஷீட் துணி ஆகுமா?

முழுப் பருத்தியாக இருந்தால் போர்டில் ஒட்டலாம். இழுத்துக் கட்டுவதற்குப் பலம் போதாது.

ஒரு கடைசி வேலை பாக்கி. கேன்வாஸ் முடிந்ததும் பின்பக்கப் பட்டையில் பென்சிலால் தேதி, என்ன துணி, என்ன பூச்சு, எத்தனை தடவை என்று எழுதி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு படம் வெடித்து இன்னொன்று அப்படியே இருந்தால், எது சரி எது தப்பு என்று அந்தக் குறிப்பு சொல்லிவிடும். யாராவது உங்கள் படத்தைக் காசு கொடுத்து வாங்க வரும்போது, "இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டால் பதில் சொல்லவும் அது கையில் இருக்கும்.